மருந்தால் உடம்பு போடுகிறதா? விடுவதா, மாற்றுவதா, தொடர்வதா?

பார்மசியில் நிற்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "இந்தக் குளிசை தொடங்கினதில இருந்து உடம்பு போடுது மகள், விட்டா என்ன?" கேட்பவர்களில் இன்சுலின் தொடங்கிய மாமியும் உண்டு, மனநல கிளினிக்கில் மருந்து எடுக்கும் தம்பியும் உண்டு, மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்ட இளம் தாயும் உண்டு. சாப்பாட்டில் எதுவுமே மாறவில்லை என்பார்கள். சிலருக்கு அது அப்படியே உண்மை. சிலருக்கு மருந்தே பசியைக் கூட்டிவிட்டிருக்கும், அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஊர் இதையெல்லாம் யோசிக்காது. கலியாண வீட்டில் யாராவது ஒருவர் "என்னகா, இப்பிடித் தடிச்சிட்டாய்?" என்று கேட்டால் போதும், அடுத்த நாளே குளிசை நின்றுவிடும்.

அப்படி நிறுத்திவிட்டு வலிப்போடும், ஏறிய சீனியோடும், திரும்பி வந்த மனநோயோடும் வார்டுக்குப் போனவர்களைத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நிறை கூடுவது சின்ன விஷயம் இல்லை. அதைச் சொன்னால் "வாயைக் கட்டு" என்று மட்டும் பதில் கிடைப்பதும் நியாயம் இல்லை. ஆனால் முன்னால் இருக்கும் வழிகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. எது யாருக்குச் சரி வரும் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதல் கேள்வி, மருந்து நின்றால் நோய் என்ன செய்யும் என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே எடை அதிகம். வலிப்புக்கான மருந்தும் பசிக்கான சிரப்பும் ஒன்றல்ல.

இரண்டாவது, கூடிய நிறை கொழுப்பா, நீரா? மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினால் பெரும்பாலும் கொழுப்பு. ஒரு வாரத்துக்குள் 2 கிலோ ஏறி, கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அது நீர். இதயமோ சிறுநீரகமோ ஈரலோ காரணமாக இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி வேண்டும். மூச்சு கடுமையாக வாங்கினால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மூன்றாவது, மருந்து எவ்வளவு காலத்துக்கு? முட்டு (ஆஸ்துமா) கூடிய நேரத்தில் ஒரு வாரத்துக்குத் தரும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசையும், ஆண்டுக்கணக்கில் எடுக்கும் பிரெட்னிசொலோனும் உடம்புக்கு ஒன்றல்ல.

அப்புறம் செலவு. கிளினிக்கில் இலவசமாகத் தரும் மருந்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் அதை மாதாமாதம் வெளியில் வாங்க வேண்டி வரலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து டவுனுக்கு வரும் ஒருவருக்கு ஒவ்வொரு கூடுதல் கிளினிக்கும் ஒரு நாள் கூலி, பஸ் காசு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் எல்லாம் சேர்ந்ததுதான்.

## மருந்துதான் காரணமா என்று எப்படிப் பார்ப்பது?

கிளினிக் கொப்பியை எடுங்கள். அநேகமான கிளினிக்குகளில் நிறையைப் பார்த்து எழுதுவார்கள். மருந்து தொடங்கிய திகதிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். மருந்துக்கு முந்திய ஆண்டே ஏறத் தொடங்கியிருந்தால் பழியைக் குளிசையின் மேல் போட முடியாது. மருந்து தொடங்கி ஓரிரு மாதத்தில் கோடு திடீரென்று மேலே போனால் சந்தேகம் நியாயமானது. வீட்டில் பார்ப்பதானால் ஒரே தராசு, வாரத்தில் ஒரு நாள், காலையில், சாப்பிட முன்.

கொப்பி இல்லாதவர்களுக்குத்தான் கஷ்டம். தனியார் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தவர்கள் சின்னக் கடதாசி உறையைக் கொண்டு வந்து காட்டுவார்கள். உள்ளே நாலு வகைக் குளிசை. மேலே பேனையால் "காலை 1, இரவு 1" என்று இருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. மூட்டு நோவுக்கு என்று வாங்கி, நோவு அதிசயமாகக் குறைந்து, முகம் மட்டும் வட்டமாக ஊதிக்கொண்டு வந்தால், உள்ளே ஸ்டெரொயிட் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். பெயரில்லாத "சத்துக் குளிசை"களும் அப்படித்தான். மெலிந்த பெண்பிள்ளைகளுக்குக் கலியாணத்துக்கு முன் பசி எடுக்கக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின், பசியைக் கூட்டியே நிறையை ஏற்றும். உங்கள் வாய்க்குள் போகும் மருந்தின் பெயரைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நிறையைக் கூட்டக்கூடியவை என்று நன்றாகத் தெரிந்த மருந்துகள் இவை. மனநோய்க்கு ஒலான்சபின், குளோசபின் முதலிடம், ரிஸ்பெரிடோன், குவெடியபின் அடுத்தது, லிதியமும் உண்டு. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின், மிர்டசபின். வலிப்புக்கு சோடியம் வல்புரோவேட். நரம்பு நோவுக்கு பிரெகபலின், கபபென்டின். நீரிழிவுக்கு இன்சுலின், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், பயோகிளிட்டசோன். பிரஷருக்கு அடெனொலோல், ப்ரொப்ரனொலோல் கொஞ்சம் கூட்டும், பெரும்பாலும் ஒரு கிலோ அளவில். அம்லொடிபின் எடுப்பவர்களுக்குக் கால் வீங்கினால் அது கொழுப்பு இல்லை, மருந்தின் வேறொரு பக்க விளைவு. மூன்று மாதக் கருத்தடை ஊசியும் இந்தப் பட்டியலில் உண்டு.

மெட்ஃபோர்மின் நிறையைக் கூட்டாது. முட்டுக்கு இழுக்கும் இன்ஹேலரும் வழக்கமான அளவில் உடம்பைப் போட வைக்காது. "பம்ப் அடிச்சா பிள்ளை ஊதிடும்" என்று பயந்து அதை நிறுத்தி, கடைசியில் அடிக்கடி ஸ்டெரொயிட் குளிசை எடுக்கும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளிவிடும் தாய்மார் இருக்கிறார்கள். நெஞ்சு வேகும் எனக்கு.

## வழி 1: மருந்தைத் தொடர்ந்து, சாப்பாட்டையும் நடையையும் திருத்துவது

கூடியது 2 முதல் 4 கிலோ, நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றால் இதுதான் முதல் தெரிவு. இன்சுலின் தொடங்கியவர்களில் பலர் இந்தக் கூட்டம்தான். முன்பு சீனி மூத்திரத்தில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, அதனால் உடம்பு வற்றியது. இப்போது அது உடம்பில் தங்குகிறது. கூடிய நிறையில் ஒரு பங்கு, நோயால் இழந்தது திரும்பி வந்ததுதான். இன்னொரு பங்கு பயத்தால் வருகிறது. ஒருமுறை சீனி குறைந்து வியர்த்து நடுங்கியவர், அதற்குப் பிறகு கொஞ்சம் தலை சுற்றினாலும் சீனித் தேத்தண்ணி குடித்துவிடுவார். அப்படி அடிக்கடி நடந்தால் சாப்பாட்டைத் திருத்துவதில் பயன் இல்லை, இன்சுலின் அளவைத்தான் டொக்டர் திருத்த வேண்டும்.

எங்கே குறைப்பது? ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சீனி என்றால் 40 முதல் 50 கிராம் சீனி. கிட்டத்தட்ட 160 முதல் 200 கலோரி, ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். சோற்றில் கை வைக்க முன் தேத்தண்ணியில் கை வைக்கலாம். இராத்திரிப் பிட்டைப் பாதியாக்கி மீன் கறியையும் கீரையையும் கூட்டலாம். நம்முடைய எருமைத் தயிரை விடச் சொல்லவில்லை, அதன் மேல் ஊற்றும் பாணியைக் குறைத்தால் போதும். நடைக்கு வாரத்தில் 150 நிமிடம் என்பது கணக்கு, அதாவது ஐந்து நாள், அரை மணித்தியாலம். கல்லடிக் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெண்களுக்குத் தனியாக நடக்க வசதியில்லாத ஊர்களில் இரண்டு மூன்று மச்சாள்மார் சேர்ந்து வளவைச் சுற்றினாலும் கணக்கில் சேரும்.

இந்த வழிக்கும் மறைவான செலவு உண்டு. இன்சுலினோ கிளிபென்கிளமைடோ கிளிக்லசைடோ எடுப்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால் சீனி ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். லிதியம் எடுப்பவர் மெலிய வேண்டும் என்று உப்பை அடியோடு வெட்டினாலோ, வெக்கையில் வியர்த்து நீர் வற்றினாலோ இரத்தத்தில் லிதியம் ஏறி நஞ்சாகும். ஆகவே இந்த இரண்டு கூட்டமும் டொக்டரிடம் சொல்லாமல் பட்டினி கிடக்கக் கூடாது.

ஒலான்சபின் எடுப்பவருக்கு இந்த வழியால் மட்டும் ஈடு கொடுப்பது கஷ்டம். அது பசியையே மாற்றும் மருந்து. இராத்திரி பதினொரு மணிக்குக் குசினியில் பாணைத் தேடும் பிள்ளையைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை, அந்தப் பசி அவன் வேண்டுமென்று வரவழைத்தது இல்லை. வீட்டில் பிஸ்கட்டும் சோடாவும் வாங்கி வைக்காமல் விடுவதுதான் குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி.

## வழி 2: மருந்தை மாற்றும்படி டொக்டரிடம் கேட்பது

நிறை வேகமாகக் கூடினால், உதாரணத்துக்கு முதல் மாதத்திலேயே 60 கிலோக்காரர் 63 ஆகிவிட்டால், மூன்று நான்கு மாதம் பொறுத்துப் பார்ப்பது பிழை. தொடக்கத்தில் வேகமாக ஏறுபவர்களுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போக வாய்ப்பு அதிகம், ஏறியதை இறக்குவது அதைவிடக் கஷ்டம். அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள்.

மாற்று இருக்கிறதா என்பது நோயைப் பொறுத்தது. ஒலான்சபினுக்குப் பதிலாக அரிபிப்ரசோல் நிறையை மிகக் குறைவாகவே கூட்டும், ஆனால் சிலருக்கு ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரத்தைக் கொடுக்கும். மாற்றுவது வாரக்கணக்கில் மெல்ல நடக்க வேண்டும், அந்த நாட்களில் நோய் திரும்புகிறதா என்று வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும். குளோசபின் வேறு விதம். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகுதான் பொதுவாக அதற்கு வருவார்கள். "மாற்ற ஏலாது" என்று டொக்டர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

நீரிழிவில் தெரிவுகள் கூட. சிட்டகிளிப்டின் நிறையைக் கூட்டாது, எம்பகிளிஃப்ளோசின் கொஞ்சம் குறைக்கும். கிளினிக்கில் கிடைக்காத நேரம் வெளியில் வாங்க வேண்டும் என்பது ஒன்று, எம்பகிளிஃப்ளோசினால் மறைவிடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பது இன்னொன்று. சொல்ல வெட்கப்பட்டு நம் பெண்கள் அதை மாதக்கணக்கில் மறைப்பார்கள். மறைக்க வேண்டாம், எளிதாகச் சுகப்படுத்தலாம்.

இந்த வழியை நான் மிக வலுவாகச் சொல்வது வல்புரோவேட் எடுக்கும் இளம் பெண்களுக்கு. அது நிறையைக் கூட்டுவதோடு மாதவிடாயையும் குழப்பலாம். அதைவிட முக்கியம், கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் வரும் ஆபத்து கூட. கலியாணப் பேச்சு தொடங்கும் முன்பே டொக்டரிடம் போங்கள். லமோட்ரிஜின், லெவெடிரசிட்டம் போன்றவை சிலருக்குப் பொருந்தும். லமோட்ரிஜினை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும், தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்ட வேண்டும். கலியாணம் முடிவான கிழமையில் ஓடிப்போய் மாற்றக்கூடிய மருந்து இல்லை இது.

கருத்தடை ஊசிக்கு மாற்று எளிது. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் போதும். கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோன் இல்லை, நிறையைக் கூட்டாது, 10 ஆண்டு வரை இருக்கும். சிலருக்கு மாதவிடாய் கூடுதலாகப் போகும். முதல் 6 மாதத்திலேயே ஊசியால் நிறை தெளிவாகக் கூடியவர் அதிலேயே நிற்பதை விட மாறுவது நல்லது.

## வழி 3: வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுவது

மருந்தின் திகதியும் நிறையின் திகதியும் பொருந்தாவிட்டால் இதுதான் முதலில். மாதவிடாய் தவறியிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் கர்ப்பப் பரிசோதனை. எல்லோரும் வியர்த்துக் கொட்டும் வெக்கையிலும் ஃபேனை நிறுத்தச் சொல்லுகிறார், மலச்சிக்கல், முடி கொட்டுகிறது, எப்போதும் சோர்வு என்றால் தைரொயிட்டுக்கான டிஎஸ்எச் என்ற இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். தைரொயிட் குறைவால் கூடும் நிறை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும் பங்கு உப்பும் நீரும். 20 கிலோ கூடியவருக்கு அது மட்டும் விளக்கம் ஆகாது. முகமும் வயிறும் பருத்து, கை கால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்தால் ஸ்டெரொயிட் பக்கம் பார்க்க வேண்டும். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, மாதவிடாய் நிற்கும் வயது, சிகரெட்டை விட்டது எல்லாமும் நிறையைக் கூட்டும்.

இதில் மறைவான செலவு, தேவையில்லாத டெஸ்ட். "முழு உடம்பு" பக்கேஜ் என்று காசைக் கொட்டிவிட்டு, கடைசியில் தேவையான ஒரு டெஸ்ட் அதில் இல்லாமல் வருபவர்கள் உண்டு. டொக்டர் எழுதித் தந்ததை மட்டும் செய்யுங்கள்.

## வழி 4: நாமே நிறுத்துவது

பசிக்கான சைப்ரோஹெப்டடினைத் தாராளமாக நிறுத்தலாம். அடுத்த கருத்தடை ஊசியைப் போடாமல் விடுவதாலும் உடம்புக்குக் கேடு இல்லை, வேறு கருத்தடை இல்லாவிட்டால் பிள்ளை தங்கலாம் என்பதைத் தவிர. பிள்ளை வேண்டும் என்பவருக்கோ கருவளம் திரும்பப் பல மாதம் எடுக்கலாம்.

மற்றவை அப்படி இல்லை. மூன்று கிழமைக்கு மேல் எடுத்த பிரெட்னிசொலோனைச் சட்டென்று விட்டால், சுரக்க மறந்துபோன அட்ரினல் சுரப்பி கைவிட்டுவிடும். பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. வலிப்பு மருந்தை விட்டால் அடுத்தடுத்து நிற்காத வலிப்பு வரலாம். இன்சுலினை விட்டால் இரத்தம் அமிலமாகலாம். அடெனொலோலை விட்டால் இதய நோயாளிக்கு நெஞ்சு நோ வரலாம். குளோசபினை 48 மணித்தியாலத்துக்கு மேல் விட்டால், திரும்பத் தொடங்குவதே சின்ன அளவில் இருந்துதான். பழைய அளவை அப்படியே போடக் கூடாது.

மனநோய் மருந்தை விடும் எண்ணம் வலுக்கிறது, கிளினிக் நாள் தூரத்தில் இருக்கிறது என்றால் 1926க்கு எடுத்துப் பேசுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

## வழி 5: இன்னொரு மருந்தைச் சேர்ப்பது

ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கு மெட்ஃபோர்மின் சேர்த்தால் சில கிலோ குறைவதுண்டு. விலையும் குறைவு, பழகிய மருந்து. மருந்தை மாற்ற முடியாதவர் டொக்டரிடம் இதைப் பெயர் சொல்லியே கேட்கலாம். "மெலிய வைக்கும்" தேயிலை, பொடி பக்கம் போகாதீர்கள். அப்படி விற்கும் பொருட்களில், இதயத்துக்குக் கேடு என்று 2010இல் பல நாடுகளில் விலக்கிய சிபுட்ரமின் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்குப் பொருந்தும் | மறைவான செலவு | ஆபத்து |
|---|---|---|---|
| தொடர்ந்து, சாப்பாடும் நடையும் | சில கிலோ கூடியவர், நோய் அடங்கியவர் | பொறுமை, குடும்பத்தின் ஒத்துழைப்பு | இன்சுலின், லிதியம் எடுப்பவர் பட்டினி கிடந்தால் |
| மருந்தை மாற்றக் கேட்பது | வேகமாகக் கூடியவர், வல்புரோவேட் எடுக்கும் இளம் பெண், கருத்தடை ஊசி போட்டவர் | வெளியில் வாங்கும் காசு, கூடுதல் கிளினிக் நாட்கள் | மாறும் காலத்தில் நோய் திரும்பலாம் |
| வேறு காரணம் தேடுவது | திகதி பொருந்தாதவர், வேறு குணங்குறி உள்ளவர் | தேவையற்ற டெஸ்ட் | குறைவு |
| நாமே நிறுத்துவது | பசிக் குளிசை, கருத்தடை ஊசி மட்டும் | திட்டமிடாத கர்ப்பம் | மற்றவற்றில் உயிராபத்து வரை |
| மெட்ஃபோர்மின் சேர்ப்பது | மனநோய் மருந்தை மாற்ற முடியாதவர் | தொடக்கத்தில் வயிற்றுக் குழப்பம் | சிறுநீரகம் பழுதானவருக்கு |

## எங்கே போய்க் கேட்பது?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையானாலும், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளானாலும், உங்கள் கதை முழுக்கத் தெரிந்த இடம் நீங்கள் போகும் கிளினிக்தான். மருந்தும் இலவசம். குறை, நேரம். பின்னால் நீளும் வரிசையைப் பார்த்தே பலர் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார்கள். காசு கட்டித் தனியாக டொக்டரைப் பார்க்கும் சனலிங்கில் பேச நேரம் கிடைக்கும், ஆனால் கொப்பி இல்லாமல் போனால் அந்த டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் போகிறவர் ஒரே கொப்பியை இரண்டிலும் காட்ட வேண்டும். பார்மசியில் எங்களிடம் கேட்டால், மருந்து நிறையைக் கூட்டுமா என்று சொல்வோம், மாற்றித் தர மாட்டோம்.

வரிசையில் நிற்கும்போது பேச்சு வராது என்றால் ஒரு துண்டில் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: "மார்ச் மாதம் இந்த மருந்து தொடங்கினேன். அப்போது 58 கிலோ, இப்போது 64. மருந்தை நான் நிறுத்தவில்லை. மாற்று இருக்கிறதா, அளவைக் குறைக்கலாமா?" மூன்றாவது வரியை விடாதீர்கள். நிறுத்தவில்லை என்று தெரிந்தால்தான் இப்போது தெரியும் பிரஷரும் சீனியும் மருந்தோடு வந்த அளவு என்று டொக்டருக்கு விளங்கும். மாற்று இல்லை என்று பதில் வந்தால், "அப்ப இந்த நிறையை எப்ப திரும்பப் பாப்பீங்க?" என்று ஒரு திகதியை வாங்கிக்கொண்டு எழும்புங்கள்.